பதினெட்டு டிகிரி

வெள்ளைக்கண் ஒன்று கிடக்கிறது. கிடக்கக் கூடாது. தூரிகை நுனியால் புரட்டிப் போட்டு மறுபடி பார்க்கிறேன், மைக்ராஸ்கோப்பின் திருகை முன்னும் பின்னும் உருட்டுகிறேன், விளக்கைக் குறைக்கிறேன், வெளிச்சம் கூடினால் கண் வெளிறித் தெரியும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், குறைத்தாலும் வெள்ளைதான். கரியமில வாயுவில் மயங்கிக் காலை மடக்கிக்கொண்டு கிடக்கிற ஒரு பழ ஈ, எள் அளவு இருக்கும், சுற்றிலும் அதன் கூடப்பிறந்தவை நாற்பது ஐம்பது, அத்தனைக்கும் செங்கல் நிறத்தில் கண், இது ஒன்றுக்கு மட்டும் வெள்ளை. இந்தக் கலப்பில் அப்பா ஈக்கள் எல்லாம் சிவப்புக் கண், அந்தச் சிவப்பை எக்ஸ் குரோமோசோமில் இல்லாமல் வேறொன்றில் இரட்டையாக வைத்திருப்பவை, அம்மா ஈக்கள் எல்லாம் வெள்ளைக் கண், பிறக்கிற ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடமிருந்து சிவப்பு வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் அதற்கு அப்பா வேறு. அந்த அம்மா ஈ என் கைக்கு வருவதற்கு முன்பே தன் குப்பியில் கூடப்பிறந்த எவனோடோ சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதாவது நான் கன்னி என்று பொறுக்கியது கன்னி இல்லை. முதல் வருடப் பிள்ளைகளுக்கு நடக்கலாம், பதினான்கு வருடமாக ஈ பொறுக்குகிற எனக்கு நடக்கக் கூடாது. மணி பத்து இருபது. பதினொன்றுக்கு அம்மா கூப்பிடுவாள். செண்பா போன பிறகு தினமும் பதினொன்றுக்குக் கூப்பிடுகிறாள், அது கோவில்பட்டியில் செண்பா டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கிற நேரம், அவள் வீட்டுக்குப் போன் போட்டு, பிரஷர் மாத்திரை போட்டியாம்மா என்று கேட்கிற நேரம், இப்போது அந்த நேரத்துக்கு அம்மா எனக்குப் போடுகிறாள். போட்டுவிட்டு, என் பேரைச் சொல்லிச் சொல்லி அதையேதான் சொல்லுவாள். “ஒரு வார்த்த சொல்லலையே உலகு. நெஞ்சு வலிக்குன்னு யாருகிட்டயாவது ஒரு வார்த்த சொன்னாளா பாரு. அழுத்தக்காரி.” என் தங்கை அழுத்தக்காரி இல்லை. அவள் சொன்னாள். என்னிடம் சொன்னாள். அதை அம்மாவிடம் நான் பத்தொன்பது நாளாகச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன், நேற்றும் பல் தேய்க்கும்போதுதான் முடிவு செய்தேன்.

எட்டு மணி நேரக் கணக்கு இது. பொரிந்து வந்த பெண் ஈ முதல் எட்டு மணி நேரம் ஆணைப் பக்கத்தில் சேர்க்காது. அதனால் காலையில் வந்தவுடன் குப்பியில் இருக்கிற ஈக்களை ஒன்று விடாமல் தட்டிக் கொட்டிவிட வேண்டும், சுவரில் ஒட்டியிருக்கிற கூட்டுப்புழுக்கள் மட்டும் மிஞ்ச வேண்டும், பிறகு எட்டு மணி நேரத்துக்குள் வந்து புதிதாகப் பொரிந்ததில் பெண்ணை மட்டும் பொறுக்கினால் அது கன்னி, சந்தேகமே வேண்டாம். ஓர் ஆண் பஞ்சு மூடிக்கு அடியில் ஒளிந்திருந்தாலும் போச்சு. செண்பா ஒரு தடவை இந்த அறைக்கு வந்திருக்கிறாள், கோடை விடுமுறையில், அதோ அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஈக்குச் சோளமாவும் ஈஸ்ட்டும் வெல்லமும் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த அண்டாவை எட்டிப் பார்த்து, “நல்லா கூழு வாசம் வருது, ஒரு கிளாஸ் குடுக்கா” என்றாள். இந்த எட்டு மணி நேரக் கணக்கை விளக்கிச் சொன்னபோது சிரித்தாள் பாருங்கள், பக்கத்து மேஜையில் ஈ பார்க்கிற ஹாஜிரா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. “நம்ம ஊர்ல சோலியில்லாதவனத்தான் ஈ ஓட்டுதான்னு சொல்லுவோம். நீ ஈ ஓட்டி டாக்டர் ஆயிட்ட. இதுல அது கன்னியா இல்லையான்னு வேற பாக்கணுமா, எங்க மாமியாகிட்டச் சொன்னா சும்மாவே பாத்துச் சொல்லிருப்பா.” அந்த மாமியார் வீட்டில் பதினாலு மாதம் இருந்துவிட்டுப் பெட்டியோடு திரும்பி வந்தவள், அதைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு நாலு வருடம் ஆயிற்று. எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை, நான் அப்போது அவளைச் சத்தம் போடாதே என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன். ஹாஜிரா என்ன நினைப்பாளோ என்றா. ஹாஜிராவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வெள்ளைக்கண்ணைத் தனியாக ஓரத்துக்கு ஒதுக்குகிறேன். ஒன்றுதான், ஒன்று எப்படியும் வரலாம், பக்கத்துக் குப்பியிலிருந்து பறந்து வந்து விழுந்திருக்கலாம், அறைக்குள் எப்போதும் நாலைந்து பறந்துகொண்டுதான் இருக்கும். இன்னும் பாதிக் குவியல் பாக்கி. குப்பியின் மேல் ஒட்டியிருக்கிற காகிதப் பட்டையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும் அது எந்தக் குப்பி என்று. பெண் ஈக்களை எடுத்த கிழமையை எழுதுவது என் பழக்கம். செவ்வாய், புதன், வியாழன். இது செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு பதினாலு. நாலு நிமிடம் பதினோரு விநாடி. என் போனில் இன்னும் இருக்கிறது, நான் தள்ளித் தள்ளிக் கீழே போய் அதைப் பார்த்துவிட்டு மேலே வருவேன். ஈக்களைத் தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் குப்பி, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மேஜையில் இருப்பது சரியாகத் தெரியாது. “அக்கா, சோலியா இருக்கியா?” “சொல்லு.” “ஒண்ணுமில்ல. நெஞ்சுல என்னமோ அமுக்குன மாரி இருக்கு. ரெண்டு நாளா. இடது கை வேற கடுக்கு.” நான் குப்பியைத் தட்டினேன், மூன்று தட்டு, அடுத்த குப்பி. “வாயுவா இருக்கும்ட்டி. ராத்திரி என்ன தின்ன?” “பூரி.” “பின்ன?” இந்தப் பின்ன என்கிற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் எதை வேண்டுமானாலும் தருவேன். அப்புறம், “ரெண்டு நாள் வந்துட்டுப் போறியா? ஒன்னயப் பாக்கணும் போல இருக்கு” என்றாள். அவள் அப்படிக் கேட்கிறவள் இல்லை. திருமணம் முறிந்தபோதுகூட வா என்று கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். கேட்காதவள் கேட்டால் அதற்கு ஏதோ அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா. எனக்குத் தோன்றியதெல்லாம் இன்றைக்குச் செவ்வாய், நாளை புதன், வியாழன் வரைக்கும் பொரிந்துகொண்டிருக்கும், வியாழன் மாலை கலப்புப் போடணும். “சனிக்கிழம வாரேன். இங்க ஈ பொரிக்குது, விட்டுட்டு வர முடியாது” என்றேன். “சரிக்கா. ஈயப் பத்திரமாப் பாத்துக்கோ” என்று சிரித்தாள். அதில் குத்தல் இருந்ததா. ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், மனசுக்குள் அந்தக் குரலை ஓடவிட்டு, ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. வெள்ளிக்கிழமை விடியக்காலை குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள், முப்பத்திநாலு வயது, ஹார்ட் அட்டாக், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் சனிக்கிழமை போகவில்லை. வெள்ளிக்கிழமையே போனேன்.

இதில் பதினெட்டு டிகிரி என்று ஒன்று இருக்கிறது. ஈ வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஈக்கள் இருபத்தைந்து டிகிரியில் பத்து நாளில் முட்டையிலிருந்து ஈயாகும். பதினெட்டு டிகிரியில் வைத்தால் அதற்கு இரண்டு மடங்கு நாள் பிடிக்கும், எல்லாம் மெதுவாக நடக்கும், செத்துப்போகாது, காத்திருக்கும். கல்யாணம், காய்ச்சல், தேர்தல் எதுவானாலும் ஈக்காரர்கள் குப்பியைத் தூக்கிப் பதினெட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பதினெட்டு டிகிரிக் குளிர்பெட்டி என் நாற்காலிக்கு மூன்றடி தூரத்தில் இருக்கிறது. எழுந்திருக்கக்கூட வேண்டாம், நாற்காலியோடு உருண்டு போய்க் கதவைத் திறந்து தட்டை உள்ளே தள்ளினால் முடிந்தது. அன்றைக்கு இரவு ரயில் இருந்தது. புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கோவில்பட்டியில் இறங்கியிருப்பேன், அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் ஓர் இசிஜி எடுத்திருப்பேன். எனக்கு ஏன் தோன்றவில்லை. தோன்றியது. பொய் சொல்லக் கூடாது, தோன்றியது. போனை வைத்த பிறகு அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பதினெட்டில் வைத்தால் ஒரு வாரம் தள்ளிப்போகுமே, அறிக்கைக்கு நாள் நெருங்குகிறதே, வாயுத் தொல்லைக்கு ஒரு வாரத்தைக் கொடுக்கணுமா என்று நினைத்துத் திரும்பிக்கொண்டேன். ஹாஜிராவிடம் பொறுக்கச் சொல்லியிருக்கலாம், என் ஈயை நான் யாரையும் தொட விடுவதில்லை, அது ஒரு பெருமை எனக்கு. வெள்ளிக்கிழமை காலையில் செய்தி வந்து நான் பையை எடுத்துக்கொண்டு ஓடியதும் ஹாஜிராதான் என் மூன்று குப்பிகளையும் எடுத்துப் பதினெட்டில் வைத்தாளாம். யாரும் சொல்லவில்லை, அவளாகவே வைத்தாள். நான் பதினாறாம் நாள் காரியம் முடிந்து திங்கட்கிழமை வந்தபோது, “நீங்க வர்றதுக்காக வெயிட் பண்ணுதுக்கா” என்று பெட்டியைக் காட்டினாள். ஆறுதலாகத்தான் சொன்னாள் பாவம். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. இன்றைக்குப் புதன், இப்போதுதான் பொரிந்து வந்திருக்கின்றன, ஒரு அவசரமும் இல்லாமல், செவ்வாய்க்கிழமைத் தாய்களின் பிள்ளைகள்.

இரண்டாவது வெள்ளைக்கண். பெண். பறந்து வந்து விழுந்தது என்று இனிச் சொல்ல முடியாது. இந்த ஈக்களை வைத்து நான் என்ன பார்க்கிறேன் என்று மாமாக்கள் கேட்டார்கள், பதினாறு நாளும் வீட்டில் வந்து உட்கார்ந்தவர்கள் எதையாவது பேச வேண்டுமே. ஈயின் சினைப்பையின் நுனியில் இரண்டு மூன்று ஸ்டெம் செல்கள் இருக்கின்றன மாமா, அவற்றை ஒட்டி உட்கார்ந்திருக்கிற பக்கத்துச் செல்கள் ஒரு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும், அந்தச் செய்தி ஒரு செல் தூரம்தான் எட்டும், அதற்கு மேல் எட்டாது. ஸ்டெம் செல் இரண்டாகப் பிரியும்போது ஒட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை செய்தியைக் கேட்டுக்கொண்டு அப்படியே ஸ்டெம் செல்லாக இருக்கும், தள்ளிப்போன பிள்ளைக்குச் செய்தி கேட்காது, அது வேறாக மாறி முட்டையாகப் போய்விடும். “ஓஹோ” என்றார் பெரிய மாமா. ஆய்வகத்தை நடத்துகிற எங்கள் சார் இதை மேடையில் பேசும்போது தாய்மடி, பந்தம், பாசம் என்றெல்லாம் சேர்ப்பார், கூட்டம் கை தட்டும், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈயை ஈயாக விடுங்கள் சார் என்று ஒரு தடவை சொல்லியும் இருக்கிறேன். ஒரு புரதம் போய் இன்னொரு புரதத்தில் ஒட்டுகிறது, அவ்வளவுதான், அதில் பாசம் எங்கே வந்தது. அப்படிச் சொன்னவள் நான். இப்போது என் தலைக்குள் அது அந்த அளவோடு நிற்க மாட்டேன் என்கிறது. இந்தக் கலப்பில் பிறக்கிற ஈக்களில் சில ஸ்டெம் செல்களில் மட்டும் அந்த ஏற்பியை எடுத்துவிடுவேன், செய்தியை வாங்கிக்கொள்கிற புரதம், செல்லின் காது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அந்தச் செல் பக்கத்தில்தான் இருக்கும், ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் அதற்குக் கேட்காது. கொஞ்ச நாளில் இடத்தை விட்டு நழுவிவிடும். அனுப்பிய செல்லிடம் குற்றமே இருக்காது. இதைத்தான் எட்டு வருடமாகப் படம் எடுத்து எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். வேண்டாம், இதை இதோடு சேர்க்காதே உலகு, நீ ஈ இல்லை, அவள் ஈ இல்லை, உனக்குக் காது இருந்தது, போனை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தாய், எல்லாம் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்காத செல்லுக்கு மன்னிப்பாவது உண்டு.

இடது கை மரத்துப்போயிருக்கிறது. மைக்ராஸ்கோப் மேஜையில் முழங்கையை ஊன்றி ஊன்றி எப்போதும் மரத்துப்போவதுதான், உதறினால் சரியாகிவிடும், உதறுகிறேன், சரியாகவில்லை. ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளர்ந்தவர்கள், அவளுக்கு இருந்தது எனக்கும் இருக்கும். எனக்கு முப்பத்தொன்பது. நானும் விழுந்தால் அம்மாவுக்கு யார். இந்தப் பயம் நேற்றுக் குளிக்கும்போது வந்தது, கதவைத் தாழ்ப்பாள் போடாமல் குளித்தேன். அம்மா சென்னைக்கு வர மாட்டேன் என்கிறாள், அங்கே தனியாக இருக்கிறாள், பக்கத்து வீட்டு முத்தரசி ராத்திரி வந்து படுத்துக்கொள்கிறாள், எத்தனை நாளைக்கு. ஒரே சோறு தின்றும் செண்பா என் தோள் வரைக்கும்தான் வளர்ந்தாள். என் பாவாடைகள் எல்லாம் அவளுக்குப் போகும், அம்மா கீழே ஒரு மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுப்பாள், வளர்ந்ததும் பிரித்துவிடலாம் என்று. அந்த மடிப்பை ஒரு பாவாடையிலும் பிரித்ததில்லை. மடிப்போடேயே கிழிந்து போகும். ஈயின் இறகு எந்த அளவில் வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள் என்பது ஒரு பெரிய கேள்வி, செல்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, போதும் போதும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றன என்று தெரிகிறது, முழுக்கத் தெரியாது. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் கேள்வியால்தான் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன், பாவாடை மடிப்பைச் சொல்லவில்லை. காரியத்தின்போது அலமாரியைத் திறந்தால் சின்னச் சின்னச் சேலை ரவிக்கைகள், பத்து வயதுப் பிள்ளையுடையது போல. அதே அலமாரியில்தான் அவள் போனையும் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நான் அதை எடுத்தேன். திறக்கிற கோலம் எனக்குத் தெரியும், அவளே காட்டியது, அவசரத்துக்கு ஆகும் என்று. செவ்வாய்க்கிழமை ஏழு பதினாலை அழித்தேன். அம்மாவுக்குப் போனில் அதையெல்லாம் பார்க்கத் தெரியாது, ஆனால் மாமா பையன்களுக்குத் தெரியும், யாராவது எடுத்துப் பார்த்துவிட்டு, உன்கிட்டப் பேசியிருக்காளே அக்கா என்று கேட்டால். அழித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசம் வாங்கிச் சாப்பிட்டேன். அம்மா பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு வார்த்த சொல்லலையே, ஒரு வார்த்த சொல்லலையே என்று சொல்லிக்கொண்டிருந்தாள், வந்தவர்கள் எல்லாம் ஆமாம், வாய் திறக்காத பிள்ளை, அழுத்தம், என்றார்கள். நானும் தலையாட்டினேன். செத்துப்போன பிறகும் என் பழியை அவள் சுமந்துகொண்டு கிடக்கிறாள்.

“வெள்ளைக்கண்ணா வருதாக்கா?” ஹாஜிரா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. “நாலு” என்கிறேன். நாலுதான் இப்போது. அவள் குனிந்து கண்ணை வைத்துப் பார்க்கிறாள், தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசம். “எந்த டியூப்?” “செவ்வாய்.” “புதனும் வியாழனும் நான் காலைல பாத்தேன், சுத்தமா இருக்கு. எல்லாம் செகப்புதான்.” பிறகு அவள் சொல்வது மிக நல்ல செய்தி. “அந்த ரெண்டுலயே எண்ணிக்கை தேறிடும்க்கா. இதத் தூக்கிப் போட்டுடலாம். ஒண்ணும் நஷ்டமில்ல.” ஒன்றும் நஷ்டமில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் அந்தக் குப்பிகளைத் தொடாமலே இருந்திருக்கலாம். கழுத்தை நிமிர்த்தி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, சொல்லுட்டி, எந்த இடத்துல அமுக்குது, எப்போ இருந்து, கை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கலாம். பஞ்சு மூடிக்கு அடியில் பார்த்தேனா. எப்போதும் பார்ப்பேன், மூடியைத் திருப்பிப் பார்க்காமல் குப்பியை வைத்ததே கிடையாது, அன்றைக்குப் பார்க்கவில்லை. தங்கை பேசுவதையும் பார்க்கவில்லை, மூடியையும் பார்க்கவில்லை, இரண்டையும் அரைகுறையாகச் செய்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டு காபி குடிக்கப் போனேன். ஹாஜிரா என் தோளில் கை வைக்கிறாள். “நீங்க போய் கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்கக்கா, நான் பொறுக்கிடுறேன்.” “சரி” என்கிறேன். அவள் கை ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது, பதினான்கு வருடத்தில் என் ஈயை ஒருத்தர் பொறுக்குகிறேன் என்று சொல்லி நான் சரி என்றது இதுதான் முதல் தடவை. மணி பத்து ஐம்பத்து மூன்று.

வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் வடிகட்டி, அதை ஒட்டி ஒரு பெஞ்சு. உட்கார்கிறேன். சொன்னால் அம்மா என்ன செய்வாள். அழுவாள், அது பரவாயில்லை. கத்துவாள், கத்தட்டும். பேசாமல் வைத்துவிட்டு நாளைக்குக் கூப்பிடாமல் இருந்துவிட்டால். அதுதான் பயம். அப்பா இல்லை, செண்பா இல்லை, எனக்கென்று இந்த உலகத்தில் சாப்பிட்டாயா என்று கேட்க அவள் ஒருத்திதான், அவளும் கேட்காமல் போனால் நான் என்ன ஆவேன் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொல்லாமல் இருந்தால் அம்மா என்னோடு பேசிக்கொண்டே இருப்பாள், சாகிற வரைக்கும் செண்பாவை அழுத்தக்காரி என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் தலையாட்டுவார்கள், பத்து வருடம் கழித்துச் செண்பா என்று ஒருத்தி இருந்தாளே, வாயைத் திறந்து சொல்லாமல் செத்துப்போனாளே, அவளா, என்பதாக மட்டும் மிஞ்சும். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆனை மாதிரி நடந்து காட்டுகிறவள். கூழ் வாசம் வருகிறது ஒரு கிளாஸ் கொடு என்றவள். போன் அதிர்கிறது, இரண்டு நிமிடம் முன்னதாகவே. “சாப்ட்டியா?” “சாப்ட்டேம்மா.” “என்ன சாப்ட்ட?” “இட்லி. நீ மாத்திர போட்டியா?” “போட்டேன். அவ ஸ்கூல்ல இருந்து ரெண்டு டீச்சருங்க வந்துட்டு இப்பந்தான் போறாளுவ. அவளுககிட்டயும் சொல்லல பாரு. கூடவே இருக்கிற பிள்ளைகளுககிட்டச் சொல்லக் கூடாதா, அப்படி என்ன அழுத்தம் ஒரு பொம்பளப்பிள்ளைக்கு.” “அம்மா.” “என்ன?” “அவ சொன்னா.” என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்கிறது. நிறுத்தினால் முடிந்தது, நிறுத்தாமல் சொல்லிவிடுகிறேன். “எங்கிட்டச் சொன்னா. செவ்வாக்கிழம காலைல. நெஞ்சு அமுக்குது, கை கடுக்குன்னா. வான்னு கூப்பிட்டாம்மா. நாந்தான் வாயுன்னேன். சனிக்கிழம வாரேன்னேன். அவ போன்ல அது இருந்துச்சு, அத அழிச்சதும் நாந்தான்.”

அந்தப் பக்கம் முத்தரசி வீட்டு மிக்ஸி ஓடுகிறது. ஓடி நிற்கிறது. அம்மா வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்க்கிறேன், விநாடிகள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. “தெரியும்” என்கிறாள். எனக்குப் புரியவில்லை. “என்னம்மா?” “அடுப்படியில நின்னுதான ஒங்கிட்டப் பேசினா. நான் பக்கத்துல தேங்கா துருவிக்கிட்டு இருந்தேன். எல்லாங் கேட்டுது.” அம்மா மூச்சு வாங்கிக்கொள்கிறாள், மாடிப்படி ஏறி வந்தவள் போல. “போன வச்சிட்டு, அக்கா சனிக்கிழம வாராளாம்மான்னா. மொகம் அப்படித் தெளிஞ்சு போச்சு அவளுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு எங்கிட்டக் கேட்டா உலகு. நாந்தான் சொன்னேன், அக்கா வரட்டும், அவளுக்கு வெவரந் தெரியும், மூணு பேருமாப் போவோம், நாமளா ஒத்தையில போயி எதுக்கு முழிக்கன்னு. சுக்குத் தட்டிப் போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டா. புதன்கெழமையும் குடுத்தேன். வியாழக்கெழம வேண்டாம்மா, வலி இதுக்குக் கேக்கலன்னா, சும்மா குடின்னு அதட்டுனேன்.” “அப்ப ஏம்மா இத்தன நாளும் அவளையே சொல்லிக்கிட்டு இருந்த?” அம்மா கோபமே இல்லாமல், கடையில் விலை கேட்கிற குரலில் சொல்கிறாள். “பின்ன யாரச் சொல்லச் சொல்லுத? ஒன்னயச் சொல்லவா, என்னயச் சொல்லவா? அவளச் சொன்னா அவளுக்கு நோகாதுட்டி.” படிக்கட்டில் யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள், என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அம்மாவும் அழவில்லை, நானும் அழவில்லை, இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறோம், நாலு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். பிறகு அம்மா கேட்கிறாள், “நாளைக்குக் கூப்பிடட்டுமா?” இத்தனை நாளும் இப்படிக் கேட்டுக்கொண்டு அவள் கூப்பிட்டதில்லை. “கூப்பிடும்மா” என்கிறேன். கூப்பிட்டு என்ன பேசப்போகிறோம் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது, திட்டுவதற்குச் செண்பா இனி எங்களுக்கு இல்லை.